சுவரின் உள்பக்கம்

என் தங்கைக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் அப்படி முடிக்க மாட்டேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனாலும் அவளை உட்காரவைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடி உருக்கும் உலை இருக்கிறது. உள்ளே நெருப்பு, சுற்றிலும் செங்கல் சுவர். நெருப்பு அந்தச் சுவரை உள்பக்கமாகத் தின்றுகொண்டே வரும். எவ்வளவு தின்றிருக்கிறது என்று எரிகிற உலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் வெளிப்பக்கம் சென்சார்களைப் பதித்து, அங்கே தெரியும் சூட்டை வைத்து உள்பக்கம் எவ்வளவு சூடு, சுவர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். அதற்கான மென்பொருளைத்தான் என் தங்கையின் நிறுவனம் எழுதுகிறது. உள்ளே இவ்வளவு சூடு என்றால் வெளியே எவ்வளவு என்று சொல்வது சுலபமாம். வெளியே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு என்பதுதான் தலைவலி. சென்சார் இம்மி பிசகினாலும் விடை காடு மேடெல்லாம் ஓடும்.

அவளுடைய மேனேஜர் நன்றாக உடுத்துபவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது; அவர் திரையில் காட்டும் கோடுகளிலும் இருக்காது. கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்களுக்கு முதல் தடவை காட்டியபோது, மென்பொருள் சொன்ன விடையும் சரியான விடையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. அறையே கைதட்டியது. தங்கை மட்டும் தட்டவில்லை. உள்ளே இவ்வளவு சூடு என்று முதலில் இவர்களே வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் வெளியே எவ்வளவு தெரியும் என்று அதே மென்பொருளிடம் கேட்டார்கள். அது சொன்னதை அதனிடமே நீட்டி, உள்ளே எவ்வளவு என்று கேட்டார்கள். தானே கேள்வித்தாள் போட்டு, தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி நூற்றுக்கு நூறு வாங்கிய கெட்டிக்கார மென்பொருள் அது.

"சார், நிஜ உலையோட அளவைப் போட்டுப் பார்க்கலாமே" என்றிருக்கிறாள்.

"ஏம்மா, எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கும்போது உனக்கு மட்டும் எங்கேருந்து வருது இந்தச் சந்தேகம்?"

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் பெயர் சந்தேகம். "சந்தேகம் இன்னிக்கு லீவா?" என்று விசாரிப்பார்களாம். பெரிய படிப்பு படித்தவர்களின் நகைச்சுவை அந்த அளவில்தான் இருக்கிறது.

கடைசியில் தொழிற்சாலையே அனுப்பிய நிஜ அளவைப் போட்டதும் சுவரின் ஒரு இடம் பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சி, பக்கத்து இடம் சூரியனைவிடச் சூடு என்று விடை வந்தது. விடையின் ஆட்டத்தை அடக்கத் திரையில் ஒரு குமிழ் உண்டு. அளவாகத் திருப்பினால் நல்லது. முழுக்கத் திருப்பினால் மென்பொருள் சென்சாரைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, ஆரம்பத்தில் நாம் என்ன ஊகத்தை எழுதிக் கொடுத்தோமோ அதையே திருப்பிச் சொல்லும். மேனேஜர் ‘சுவர் தடிப்பு’ என்று ஊகம் எழுதி, குமிழை முழுக்கத் திருப்பினார். சுவர் தடிப்பு, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று விடை வந்தது. அதன் கீழே தங்கை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் வேலை நிரந்தரமாகும்.

அன்று சாப்பிடும்போது என் கணவர் ஆரம்பித்தார். "ஒரு கையெழுத்துதானே கொழுந்தியாளே, போட்டுட்டுப் போயேன்."

"அந்தச் சுவருக்குப் பக்கத்துல ஆளுங்க நிக்கிறாங்க மாமா."

"சுவர் மெலிசுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தடிப்புன்னு?"

"அதுவும் தெரியாது."

"அப்புறம் எதுக்கும்மா மல்லுக்கு நிக்கிறே?"

"தெரியாததைத் தெரியும்னு எழுதச் சொல்றாங்களே, அதுக்கு."

என் கணவருக்குப் பதில் கிடைக்காத நாட்களில் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருக்கும். அன்றும் குறைந்துவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து அதிகாரி ஒருவரும் உலை ஃபோர்மேனும் வந்தார்கள். ஃபோர்மேனுக்குப் புருவம் பாதி கருகியிருந்ததாம். மேனேஜர் தன் வழவழப்பான கோட்டைக் காட்டி முடித்ததும் தங்கை எழுந்தாள். "இன்னொரு இடத்துல எடுத்த அளவும் இருக்கு சார். அதையும் போட்டுக் காட்டறேன்." கூடுதல் பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து மேனேஜர் தலையாட்டினார். அவள் அளவை மட்டும் மாற்றினாள், குமிழைத் தொடவில்லை. அதே கோடு, அதே தடிப்பு.

"இது எந்த உலை மேடம்? எங்க ரெண்டாவதா?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

"இல்லீங்க. வராண்டாவுல இருக்கே காபி மெஷின், அது. காலையில சென்சாரை ஒட்டி எடுத்தேன்."

ஃபோர்மேன்தான் முதலில் சிரித்தார். "அதுக்கும் செங்கல் சுவர் தடிப்பாத்தான் இருக்கா?"

"இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடுமாம்."

மேனேஜருக்கு முகம் சுண்டிப்போனது. "அது வந்து... செட்டிங்ல சின்ன விஷயம்..." என்று இழுத்தார்.

"சார், நீங்க வந்து அந்தச் சுவர்கிட்ட ஒரு ஷிஃப்ட் நில்லுங்க. அப்புறம் சின்ன விஷயமா பெரிய விஷயமான்னு பேசுவோம்" என்று ஃபோர்மேன் எழுந்துவிட்டார்.

உலையை அணைத்து ஆறவிட்டுத் திறந்தார்கள். மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. பின்பக்க மூலையில் மட்டும் சுவர் பிஸ்கட்டாக மெலிந்திருந்தது. உடனே நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ‘ஆபத்தை முன்கூட்டியே கண்டறிந்த எங்கள் மென்பொருள்’ என்று விளம்பரம் போட்டது, கைகட்டி நிற்கும் மேனேஜர் படத்தோடு. அவருக்குப் பதவி உயர்வு. என் தங்கையின் நிரந்தர வேலை தள்ளிப்போனது; குழுவோடு ஒத்துப்போவதில் குறை இருக்கிறதாம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள்தான் அடக்கினாள். "நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைக்கா. தெரியாதுன்னுதான் சொன்னேன்." இருக்கட்டும். அத்தனை மாடிக் கட்டடத்தில் அதைச் சொல்ல வேறு வாய் இல்லையே.

சுவரைப் புதிதாகக் கட்டும்போது சென்சார்களை எங்கே பதிப்பது என்று குறித்துக் கொடுக்க அவள்தான் வர வேண்டும் என்று ஃபோர்மேன் கேட்டிருக்கிறார். போனாள். தலையெல்லாம் செங்கல் தூளோடு திரும்பினாள். குளித்துவிட்டு வா என்றால் கேட்காமல் கதவருகிலேயே நின்றாள்.

"உள்ளே போனேன்க்கா. பழைய சுவரை இன்னும் முழுசா இடிக்கலை. இத்தனை நாளா கணக்குப் போட்டேனே, அந்த உள்பக்கத்தைக் கையால தொட்டுப் பார்த்தேன்."

மேனேஜரும் வந்தாராம். உலை வாசலோடு நின்று, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.