அக்கா காய்ச்சிய விளக்கெண்ணெய்

என் அக்காவின் கணவருடைய கால் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டபோது வாய் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு.

ஐம்பதுகளில் என்னிடமும் மச்சானிடமும் பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. மச்சான் போரில் லாரி ஓட்டியவர். வல்லத்திராக்கோட்டையில் விவசாயம். இலுப்பூரில் ஒரு பஸ் முதலாளி, தை பிறந்ததும் டிரைவராக வந்து சேரச் சொல்லியிருந்தார். நான் பி.ஏ. முடித்துப் புதுக்கோட்டையில் அலுவலக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அரிமளத்துக்குத் தெற்கே, போர்க்காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. வண்டி வைத்திருந்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடிப் போட்டி போடுவோம். எப்போதும் மச்சான்தான் முதலில் வருவார். "வண்டிக்கு பி.ஏ. எல்லாம் வேணாம் மாப்ள, கை இருந்தாப் போதும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ரோட்டு வண்டியை அப்படியே தளத்தில் விரட்ட முடியாது. ஹெட்லைட், கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டு அதிர்வில் கழன்றுவிடாமல் கம்பி போட்டு முறுக்க வேண்டும். செயின், பிரேக், காற்று எல்லாம் பார்க்க வேண்டும். அந்த மார்கழியில் புதிதாக ஒன்று சேர்ந்தது. பந்தயக்காரர்கள் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்து மச்சானிடம் சொன்னேன். அது நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று அவருக்கு ஒரே உற்சாகம்.

படித்ததில் பாதியைத்தான் சொன்னேன். பழைய ஆயிலை ஒட்ட வடித்து, உள்ளே கழுவிய பிறகே விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும். இரண்டும் கலந்தால் கோந்து போலத் திரண்டு எஞ்சினுக்குள் எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். இந்த மீதியை மறைத்தேன்.

அக்கா ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தாள். மச்சான் பழைய ஆயிலின் மேலேயே அதை ஊற்றினார். பக்கத்தில்தான் நின்றேன். நான் பழைய ஆயிலிலேயே ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, அவர் கை கழுவப் போன நேரத்தில் சட்டியில் மிஞ்சியதை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டேன். வீட்டில் என் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அந்த விளக்கெண்ணெயை ஊற்றினேன். அவர் வண்டி நடுவழியில் நின்றுவிடும், ஒரு தடவையாவது நான் ஜெயிப்பேன். அதற்கு மேல் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தளத்தில் அவர் வண்டியை உதைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். பிடித்தது. ஆனால் முகம் சரியாக இல்லை.

"மாப்ள, உதைக்கையில ஒரு மாதிரி இறுக்கமா இருக்கே. இங்கிட்டு வந்து பாரு."

போனேன். குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சூடானா எளகிரும் மச்சான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வழக்கம்போல் அவர் முன்னால் போனார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, எப்போது நிற்கும் எப்போது நிற்கும் என்று பின்னால் போனேன். வண்டி நிற்கவில்லை. வேகம் ஏற ஏற அதன் சத்தம் கனத்தது. பிறகு, முழு வேகத்தில், எஞ்சின் ஒரேயடியாக இறுகிக்கொண்டது. பின் சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்று, ரப்பர் தேயும் சத்தம் கேட்டது. வண்டி அவரைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் முழங்கால் மேலேயே விழுந்தது.

உயிர் தப்பிவிட்டது. முழங்கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. கிளட்ச்சை மிதிக்க முடியாத டிரைவரை எந்த முதலாளி எடுப்பார்?

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எண்ணெய் திரண்டு கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சயில லேசா அடி புடிச்சிருச்சு தம்பி. பரவால்லன்னு குடுத்துட்டேன். நாந்தான் அவுக காலை எடுத்துட்டேன்." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போனதும் எண்ணெய் காய்ச்சும் சட்டியை அவள் போட்டு உடைத்தாள்.

நான் வண்டியை விற்றேன். அலைந்து திரிந்து மச்சானுக்கு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை வாங்கிக் கொடுத்தேன். வருஷாவருஷம் பொங்கல் சீரைக் கூடுதலாகவே கொண்டுபோய் இறக்கினேன். அக்கா தெருவெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள்.

அறுபதுகளின் கடைசியில் அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெய் வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். "எங் கையால மட்டும் வேணாங்க" என்று அக்கா உள்ளே போய்விட்டாள். அன்று நான் அங்கே இருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அவர்கள் போனதும் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதே எண்ணெயில் என் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியதையும் சொன்னேன்.

மச்சான் நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஒன்னையத்தான கூப்புட்டுக் கேட்டேன் மாப்ள" என்றார்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப அடி புடிச்சதால இல்லையா?"

"இல்லக்கா."

எழுந்து உள்ளே போனாள். வெளியே வரவில்லை.

அந்தத் தையில் நான் அனுப்பிய சீர், கட்டுப் பிரிக்காமல் அதே மாட்டு வண்டியில் திரும்பி வந்தது. அடுத்த தையிலும் வந்தது. பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மச்சானைப் பார்த்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு பஸ்ஸுக்கு விசில் ஊதி அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"சட்டி ஒண்ணு புதுசா வாங்கியாரச் சொல்லிருக்கா. எண்ணெ காய்ச்சணுமாம்."

அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.