நூற்றுப் பதினொரு சதவீத ஈரம்

கொள்முதல் நிலையத்தில் ஈரமானியைப் பார்த்துவிட்டு, "இருவத்தொண்ணு. பதினேழுக்குக் கீழ கொண்டாங்க" என்று அப்பாவைத் திருப்பி அனுப்பினார்களே, அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது: நெல் எப்போது பதினேழுக்கு இறங்கும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாமே!

எங்கள் ஊர் பூதலூர் வரும்வரை டிராக்டரில் அண்ணனிடம் அதையே பேசினேன். வேதாரண்யம் பக்கம் மழை என்றார்கள். அது இங்கே வருவதற்குள் நெல் காய்ந்து நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அப்பாவுக்கு அந்த ஒரே கவலை.

என்னிடம் விரல் நீளத்தில் ஒரு சர்க்யூட் போர்டு இருந்தது. அதில் ஒரு வெப்பமானியையும் குட்டித் திரையையும் இணைத்தேன். வெயில் ஏற ஏற நெல் எவ்வளவு வேகமாகக் காயும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. அதில் e-யின் அடுக்கு மைனஸ் பதினான்கு போல ஓர் எண் வரும். அதைக் கணக்கிடும் ஆயத்த நிரல் போர்டின் நினைவகத்தில் அடங்கவில்லை. போகட்டும், அந்த எண்ணைத் தரும் கூட்டல் தொடரை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஒன்று, கழி x, கூட்டு x வர்க்கத்தில் பாதி... கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்ததுதானே? மைனஸ் ஒன்றைக் கொடுத்துச் சோதித்தேன். ஆறு இலக்கமும் அச்சாக வந்தது. அதற்குமேல் சோதிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மறுநாள் காலை தார்ச்சாலையில் நெல்லை விரித்ததும், நிலையத்தில் சொன்ன ஈரத்தைத் தொடக்கமாகக் கொடுத்துப் பட்டனை அழுத்தினேன். இருபத்தொன்று. ஒரு நிமிடம் கழித்து நூற்றுப் பதினொன்று.

அண்ணன் குனிந்து பார்த்தான். "மூணு கோடு போட்டுருக்கு. நமக்கு நாமம்னு சொல்லுதா?"

"சும்மா இருண்ணே."

"நூறு மூட்டை நெல்லுல நூத்திப் பதினோரு மூட்டை தண்ணியாம்ப்பா. வெயில்ல வச்சா ஊறுது. நாத்தே விட்ரலாம்."

அப்பா சிரிக்கவில்லை. காலால் நெல்லைத் துழாவிவிட்டபடி, "சரி பண்ணிரு பாப்பா" என்றார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒயரை மாற்றினேன். வெப்பமானியை மாற்றினேன். மதியம்தான் தொடரின் ஒவ்வோர் உறுப்பையும் அச்சிட்டுப் பார்க்கும் புத்தி வந்தது. ஒன்று, மைனஸ் பதினான்கு, தொண்ணூற்றெட்டு என்று மாறி மாறி ஏறி, லட்சத்தைத் தாண்டி, பிறகு இறங்குகிறது. கடைசியில் மிஞ்சவேண்டியது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த போர்டு நினைவில் வைப்பதோ ஏழு இலக்கம். டிரைவர் மனைவியின் மூக்குத்தியோடு ஒரு தடவை, அது இல்லாமல் ஒரு தடவை லோடு லாரியை எடைமேடையில் ஏற்றி, வித்தியாசத்தில் மூக்குத்தியின் எடையைத் தேடியதுபோல்தான்! வந்த குப்பை மைனஸாக வேறு வந்ததால், நெல் காய்வதற்குப் பதில் நனைந்துகொண்டிருந்தது.

தீர்வு ஒரே வரி. ப்ளஸ் பதினான்குக்குத் தொடரைப் போட்டால் எல்லாம் கூட்டல்தான், எதுவும் இன்னொன்றை அழிக்காது. வந்த விடையால் ஒன்றை வகுத்தால் முடிந்தது. இந்த ஒரு வரிக்கு அரை நாள்.

அடுத்த நாள் காலை திரையில் பதினாறரை. நான் குதித்த குதியில் அப்பா ஒரு பையில் இரண்டு கைப்பிடி நெல்லை அள்ளிக்கொண்டு பைக்கில் கொள்முதல் நிலையத்துக்குப் போனார். திரும்பி வந்து பையை என்னிடம் நீட்டினார்.

"பத்தொம்போதுங்கிறாங்க."

"இருக்காதுப்பா! தொடர் சரி. நூறு தடவ பாத்துட்டேன்."

"சாயங்காலம் குமிச்சுத் தார்ப்பாய் போட்டமே, அப்பவும் இது ஓடிச்சா?"

இரவு முழுக்க ஓடியிருக்கிறது. குவியலுக்குள் செருகிவைத்ததும் நான்தான். உள்ளே கதகதப்பு, வெப்பமானிக்கு அது வெயில்.

"மூடி வச்சா காயாது பாப்பா, வேர்க்கும்" என்றார் அப்பா.

அண்ணன் கிழக்கே பார்த்தான். "மழைக்கு எத்தன உறுப்பு கூட்டணும்னு கேட்டுச் சொல்லு."

கிழக்கே கறுத்துத்தான் இருக்கிறது. நெல்லை மறுபடி விரித்துவிட்டார்கள். இப்போது ஒரு ஸ்விட்ச் பொருத்திக்கொண்டிருக்கிறேன். விரித்தால் கணக்கு ஓடும், குவித்தால் நிற்கும். தொடக்கத்தில் பத்தொன்பது என்று நானே கையால் போட்டுவிடுவேன். இன்று மூன்று மணிக்குப் பதினேழுக்குக் கீழே காட்டினால், அப்பா கிளம்புமுன் பையை வாங்கிக்கொண்டு நானே ஈரமானி முன்னால் போய் நிற்கப்போகிறேன்.