மிளகாய் நெடி வராத காடு

எங்கள் கோழிப்பண்ணைக்குக் கிழக்கே ஒரு கம்பிவேலி. அதற்கு அந்தப் பக்கம் அக்காவின் கடலைக்காடு. சொந்தமில்லை, பக்கத்துக் காட்டுக்காரர் என்பதால் அக்கா. நாமக்கல் பக்கம் பண்ணை வைத்தவர்களுக்கு மூக்கு சீக்கிரம் செத்துப்போகும். விருந்தாளிகள் காரை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்தினால் எனக்கு எரிச்சல் வரும். முட்டை மட்டும் இனிக்குதாக்கும் என்று மனசுக்குள் திட்டுவேன்.

கோழி எருவை நாங்கள் சிதற விட்டதில்லை. லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு சொட்டுக் கழிவு வேலி தாண்டியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

பண்ணை வந்த இரண்டாம் வருஷமே அக்காவின் செடிகள் கருகருவென்று கிளம்பின. யூரியா ஒரு பிடிகூடப் போடவில்லையாம். "உங்க பண்ணை வந்த ராசிங்க சாமி" என்று முதல் கூடைக் காயை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நானும் வெட்கமில்லாமல் அவித்துத் தின்றேன்.

அடுத்த சில வருஷங்களில் செடி இன்னும் உயர்ந்தது, காய் குறைந்தது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைக்கு அக்காவின் நாத்தனார் வந்திருந்தார். இருவரும் பள்ளிக்கூடக் காலத்துத் தோழிகள். அந்தச் சிநேகத்தில்தான் அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாகவே போனார். நாத்தனார் வரப்பில் நின்று, "ஏ புள்ள, காடு என்னமாப் பசபசன்னு கெடக்குது!" என்று வாய்விட்டுச் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

அடுத்த மாதம் செடியைப் பிடுங்கினால் வேரில் நாலைந்து காய்தான். நசுக்கினால் எல்லாம் பொக்கு, உள்ளே பருப்பே இல்லை.

அக்கா வேலியோரம் கங்கு மூட்டி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நெடி வந்து இருமினால் கண் பட்டிருக்காது, வராவிட்டால் பொல்லாத கண் என்பது கணக்கு. மிளகாய் கருகியது. அவருக்கு நெடி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "பாத்தீங்களா, எத்தாப் பெரிய கண்ணு!" என்றார். அன்றோடு நாத்தனாரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்துப் பண்ணைக்கு வந்த கால்நடை டாக்டர் ஓடையைக் காட்டிக் கேட்டார். அக்காவின் காட்டை ஒட்டிக் காவேரிக்குப் போகிற ஓடை அது. பாசி மூடி, மீன் செத்து மிதந்தது.

"கோழிச் செட்டுல இருந்து கெளம்பற அமோனியா எங்க போவுதுன்னு நெனைக்கறீங்க? காத்துல போய் பனியோட மழையோட மண்ணுலதானுங்க எறங்கும். வருஷம் முச்சூடும் யூரியா போட்ட மாதிரி. செடி தழையும், காய் புடிக்காது. மண்ணுல சுண்ணாம்புச் சத்து போயிரும். மிச்சம் தண்ணியில கலக்கும்."

ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கேதான் அடிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்தக் காற்றுக்குத் தோதாகத்தான் செட்டையே கட்டினோம். அன்றைக்கு மிளகாய் நெடி ஏன் வரவில்லை என்பதும் புரிந்துவிட்டது: என் மூக்கைப் போலவே அக்காவின் மூக்கும் செத்துப்போயிருந்தது. சொல்லிவிடலாம் என்று வேலிவரை எத்தனையோ முறை போனேன். பண்ணையை மூடச் சொல்லிவிட்டால்? பயந்துகொண்டு திரும்பி வந்தேன். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

போன தை மாதம் அக்கா வேலியோரம் வந்து நின்றார். நாத்தனார் படுத்த படுக்கையாம், பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

"மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க சாமி. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அன்னைக்கு அவ கண்ணுதானுங்களே?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்காது.

"ஆமாங்கக்கா" என்றேன்.

அவர் போகவில்லை. ஐந்தாம் நாள் எழவுச் செய்தி வந்தது. நான் மட்டும் போனேன். செத்துப்போனவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தை வரலீங்களா? அவங்களுக்கு எங்கம்மா என்ன தப்புப் பண்ணுனாங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுமுங்களா?"

தெரியாது என்றேன்.