வாளி இல்லாமல் ஒலித்த முரசு

ஹெ லான்யிங் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைப் பாதிவரை பார்த்தவள். மீதிப் பாதியை எருமையோடு கழித்தாள். ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்து வெண்கல முரசைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால், அந்த முரசே எழுந்து உட்கார்ந்து, "அப்படியா? எனக்கே தெரியாதே!" என்று கேட்கும்.

இதெல்லாம் அவளுக்குக் கிழங்கு கற்றுக்கொடுத்தது. கல்யாணமான புதிதில் டவுன் அருங்காட்சியகத்தின் வாசலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்றாள். அடுப்புக்கு நேரே ஒரு ஜன்னல். உள்ளே வழிகாட்டி தினமும் கத்துவதை ஏழு வருஷம் கேட்டாள். முதல் வருஷம் மனப்பாடம் ஆனது. மூன்றாம் வருஷம் பிழை கண்டுபிடித்தாள். ஏழாம் வருஷம் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒருநாள் உள்ளே இருந்தவர், முரசின் மேல் இருக்கும் நாலு தவளையும் சும்மா அழகுக்கு வைத்தது என்றார். ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"அழகுக்குன்னா மயிலை வெச்சிருப்பானே! தவளையை எவனாவது அழகுக்கு வெப்பானா? மழைக்குய்யா, மழைக்கு!"

கூட்டம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அன்றைக்குக் கிழங்கு தீர்ந்தது, கரி தீர்ந்தது, அடுப்பையும் யாராவது விலைக்குக் கேட்டிருப்பார்கள். கூட்டத்தில் நின்றவர்களில் சுற்றுலாக் கம்பெனி மானேஜர் தாங் என்பவரும் ஒருவர். மறுவாரமே அவளை வேலைக்கு எடுத்தார். எடுத்தது அரை நாள் வேலைக்குத்தான். அவள் ஊரான எங்கள் மலை ஊரை மட்டும் அவள் காட்டலாம். பாறையில் தொங்கும் சவப்பெட்டிகள், குதிரைகள் தேயிலை சுமந்த கல்பாதை, பழைய சமாதிகள் என்று ஒன்பது நாள் பயணம் முழுக்கக் கூட்டிப்போக வேண்டுமென்றால் போட்டோ ஒட்டிய கார்டு வேண்டும். அந்தக் கார்டைத் தாங் அச்சடித்தே விட்டார். மூன்று மாதமாக அது அவர் சட்டைப்பையில் இருந்தது.

"இந்த ட்ரிப்ல உன்னையே ஒன்பது நாளும் விடுறேன். கூட்டம் திருப்தின்னு எழுதிக் கொடுத்தா கார்டு உனக்கு. இல்லைன்னா டவுன்ல ஒருத்தர் டை கட்டிக்கிட்டு காத்திருக்கார்" என்றார்.

"டையை அவிழ்த்து வெச்சுட்டு அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றாள் லான்யிங்.

வந்த கூட்டம் செங்டு நகரத்தில் இருந்து பன்னிரண்டு பேர். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தலைவர் கோவ் வாத்தியார். ஊர் ஊராகப் போய் எழுபத்து மூன்று வெண்கல முரசுகளை நாடா வைத்து அளந்தவர். ஒன்றைக்கூட அடித்துக் கேட்டதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மூச்சு விட்டாலே காவலாளி தோளில் கை வைத்துவிடுவானே!

ஏழு நாள் அமர்க்களமாகப் போனது. எட்டாம் நாள் காலையில் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது கோவ் வாத்தியார் கையிலிருந்த பயணத்தாளைத் தட்டினார்.

"இதுக்காகத்தாம்மா நான் வந்ததே. 'எட்டாம் நாள், முரசு கேட்டல்.' போட்டிருக்கு பாரு."

லான்யிங் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படித்தான் போட்டிருந்தது.

"வாத்தியாரே, இதை எழுதினது ஆபீஸ்ல விசிறிக்கு அடியில உக்காந்திருக்கிற ஆளு. இது ஏழாம் மாசம். நாத்து வயல்ல நிக்குது. நடவுல இருந்து அறுவடை வரைக்கும் எங்க ஊர்ல முரசைத் தொட மாட்டாங்க. பார்க்கலாம். கேட்க முடியாது."

"ஒரே ஒரு அடி?"

"அரை அடியும் கிடையாது. இந்த மாசத்துல முரசு கீழ இறங்குச்சுன்னா ஒரே அர்த்தந்தான். யாரோ செத்துட்டாங்க."

வாத்தியாரின் முகம் சுருங்கியது. தாங் பின்சீட்டிலிருந்து வந்து அவள் காதில் சொன்னார்.

"ஏம்மா, உனக்குக் கார்டு வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா முரசு அடிக்கக் கூடாது."

"ரெண்டும் எப்படி?"

"அதைத்தான் யோசிக்கிறேன். பேசாம வாங்க."

ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக அவள் தாய்மாமன் சியே வீட்டுக்கு ஓடினாள். முரசு அவர் பொறுப்பு. அது அவருடைய நெல்குதிருக்குள் தொங்கும். நாலு கால் மேல் நிற்கும் வட்டக் குதிர். எலி ஏறாமலிருக்கக் காலுக்கு ஒரு பானை கவிழ்த்திருக்கும். கதவுக்குப் பூட்டு கிடையாது, மாமாதான் பூட்டு. அந்தப் பூட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம், அரிசிச் சாராயம் பட்டால் தானாகத் திறந்துகொள்ளும்.

"மாமா, மானேஜர் பாட்டிலோட வருவார். வாங்கிக்குங்க, குடிங்க. குதிர்க் கதவை மட்டும் திறக்காதீங்க."

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"அப்படியேதான் தெரியுது."

"சத்தியம்டி, என் வெள்ளைக் கால்சட்டை மேல சத்தியம்!"

எங்கள் ஆண்களுக்கு அந்த முழங்கால் வரை வரும் வெள்ளைக் கால்சட்டையை விடப் பெரிய சத்தியம் இல்லை. அதை நம்பித்தான் லான்யிங் கூட்டத்தை மேட்டுச் சமாதிகளுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கல்லில் முரசு செதுக்கியிருக்கிறது. அதைத் தொட்டு, தடவி, நாடா வைத்து அளக்க விட்டால் வாத்தியார் மனம் ஆறிவிடும் என்பது அவள் கணக்கு. அது ஏறக்குறைய பலித்தது. வாத்தியார் கல்லின் முன்னால் மண்டியிட்டு எழுபத்து நாலாவது அளவை எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது கீழேயிருந்து வந்தது. டங்!

மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்தன. பக்கத்து மாகாணத்துப் பறவைகளும் எழுந்திருக்கும். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். லான்யிங் கீழே பாய்ந்தாள்.

குதிர் வாசலில் மாமா ஏணியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு காலிப் பாட்டில். தாங் கையில் சுடுதண்ணி ஃபிளாஸ்க், அதன் அடியில் ஒரு நசுங்கல்.

"ஒரே ஒரு தட்டுதான் தட்டினேன். மேல கேட்டுச்சா? வாத்தியாருக்கு சந்தோஷந்தானே?"

"சார், எங்களுக்கு மட்டுமா கேட்டுச்சு? மூணு மலைக்குக் கேட்டிருக்கும்" என்றாள் லான்யிங்.

"கேட்டா என்ன?"

பதில் தானாகவே வந்தது. எதிர் மலைச் சரிவில் ஒரு பெண் உருண்டு வருகிறாளா ஓடி வருகிறாளா என்று தெரியாத வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். லான்யிங்கின் நாத்தனார். இடுப்பில் சேவல், முதுகில் ஒட்டரிசிக் கூடை, வாயில் ஒப்பாரி.

"அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

அவள் லான்யிங்கைக் கட்டிப்பிடித்து அழுதாள். நடுவில் அகப்பட்ட சேவலும் அழுதது.

"ஏய், உங்க அண்ணனுக்கு என்னடி? அவர் வயல்ல இருக்கார்."

"மறைக்காதீங்க அண்ணி! எனக்குக் காது இல்லையா? முரசு கேட்டுச்சு, வாளி கேக்கலையே!"

லான்யிங்குக்கு அப்போதுதான் விளங்கியது. முரசைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒருத்தர் முன்னால் அடிக்கும்போது, இன்னொருத்தர் பின்னால் நின்று மரவாளியை முரசின் வாய்க்குள் செலுத்திச் செலுத்தி இழுப்பார். அடிப்பவன் கொடுப்பது 'டங்'. அதை 'டூம்ம்ம்' என்று மலை தாண்ட வைப்பது வாளி. முப்பது வருஷமாக எங்கள் ஊர் வாளிக்காரர் லூ தியன்பாவ். லான்யிங்கின் புருஷன். முரசு மட்டும் கேட்டு வாளி கேட்கவில்லையென்றால் எங்கள் மலையில் யாருக்கும் சந்தேகமே வராது. செத்தது வாளிக்காரன்தான்.

அந்த நேரம் பார்த்து தியன்பாவ் மண்வெட்டியும் கோபமுமாக வந்தார்.

"எவன்டா செத்தது? வாளிக்கு என்னைக் கூப்பிடாம அடிக்கிற அளவுக்கு என்ன அவசரம்?"

தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேவலாலேயே இரண்டு அடி வைத்தாள்.

"உயிரோடவா இருக்கே? மூணு மைல் ஓடி வந்தேனே! வர்ற வழியில எத்தனை பேர்கிட்ட சொல்லி அழுதேன் தெரியுமா?"

"எத்தனை பேர்கிட்ட?" என்றாள் லான்யிங்.

"பார்த்த எல்லார்கிட்டயும்."

மலைப்பாதைகள் மூன்றிலும் வரிசை தெரிந்தது. சேவல், வாத்து, அரிசி, புகைபோட்ட பன்றித் தொடை, சாராயக் குடம். சாவு வீட்டுக்கென்று எடுத்த சாமானைத் திருப்பி எடுத்துப்போனால் சாவும் கூடவே போகும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். வந்தவர்கள் உட்கார்ந்து தின்றுதான் தீர்க்க வேண்டும். அதற்கு முன்னால் அழுதுகொண்டு வரும் ஒவ்வொருவரையும் மூன்று பாதையும் சேரும் ஊர் வளைவில் நிறுத்தி, கிண்ணத்தில் சாராயம் கொடுத்து, தானும் குடித்து, நடந்ததை யாராவது சொல்லியாக வேண்டும்.

தாங்குக்கு வேர்த்தது. சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து லான்யிங் கையில் திணித்தார்.

"இந்தா, இப்பவே வெச்சுக்க. திருப்தித் தாளெல்லாம் வேண்டாம். ஏதோ தெரியாம விழுந்து அடிபட்டுச்சுன்னு நீயே பேசி அனுப்பிடு. உன் ஆளுங்கதானே?"

கார்டில் அவள் போட்டோ நன்றாகத்தான் வந்திருந்தது. ஏழு வருஷக் கிழங்குப் புகைக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே தெரியவில்லை. லான்யிங் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் பையிலேயே போட்டு, பையின் பட்டனையும் மாட்டிவிட்டாள்.

"கார்டு அங்கேயே இருக்கட்டும் சார். இந்தாங்க கிண்ணம். அடிச்ச கைதான் இதைப் பிடிக்கணும்."

"நானா? நான் மானேஜர்ம்மா!"

"என் புருஷனைக் கொன்னுட்டீங்க சார். வாங்க, திரும்ப உயிரோட எழுப்புங்க."

வளைவில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றாள். முதல் ஆளிடம் தாங் தலைகுனிந்து, "யாரும் சாகலை. நான்தான் அடிச்சேன். வாளிக்காரர் உயிரோட இருக்கார், மன்னிச்சுடுங்க" என்றார். ஒரு கிண்ணம் உள்ளே போனது. இருபதாவது ஆளிடம், "நான் சாகலை, வாளிதான் அடிச்சுது" என்றார். முப்பதாவது ஆளைக் கட்டிக்கொண்டு அவரே அழுதார். நாற்பதாவது ஒரு கழுதை. அதற்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். லான்யிங் ஒருவரையும் விடவில்லை, கழுதையையும் சேர்த்துத்தான்.

அதற்குள் களத்தில் ஊரே சமைத்தது. செங்டுக்காரர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாத்து உரித்தார்கள். தியன்பாவ் தன் சாவுச் சோற்றைத் தானே ருசி பார்த்து, உப்பு குறைவு என்றார். அவருக்கு எதிரே கோவ் வாத்தியார் மரவாளியை மடியில் வைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

"எழுபத்து மூணு முரசு அளந்தேன். ஒரு வாளியைக்கூட அளக்கலையே!"

"எந்தக் கண்ணாடிப் பெட்டியிலயாவது வாளி வெச்சிருந்தாங்களா?"

"இல்லையே."

"அப்ப நீங்க பார்த்ததெல்லாம் அரை முரசுதான் வாத்தியாரே, இன்னொரு வாத்துக்காலு போடட்டுமா?" என்றார் தியன்பாவ்.

மறுநாள் பஸ் கிளம்பும்முன் வாத்தியார் தாளை நிரப்பி லான்யிங்கிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'திருப்தி இல்லை. பாதி முரசுதான் கேட்டோம். மீதியைக் கேட்க அறுவடைக்குப் பின் வருவோம். இந்தப் பெண் கூட்டிப்போனால் மட்டும்.'

"திருப்தி இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"பொய் எழுதச் சொல்றியாம்மா?"

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். தாளைத் தாங்கிடம் நீட்டினாள். கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்த தாங், அதை மடித்துக் கார்டோடு சேர்த்துப் பையில் வைத்தார். பஸ் போய்விட்டது. லான்யிங் திரும்பி வந்து சியே மாமாவின் வெள்ளைக் கால்சட்டையைப் பிடுங்கித் தோய்த்து, அறுவடை வரை தர மாட்டேன் என்று தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

பத்தாம் மாதம் நெல் குதிருக்கு ஏறியது, முரசு இறங்கியது. வாத்தியார் சொன்னபடி மற்ற பதினொரு பேரோடும் வந்தார். வாத்தியாரைத் தியன்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையில் வாளியைக் கொடுத்தார்கள். முதல் அடிக்கே வாளி எகிறி அவர் நெற்றியில் மோதியது. புடைப்பைத் தடவிக்கொண்டு, நாலு தவளையையும் விழுங்கினவர் போலச் சிரித்தார்.

முரசு முழங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், "ஊர் வளைவில் யாரோ நிக்கிறாங்க, உள்ளே வர மாட்டேங்கிறாங்க" என்று ஆள் வந்து சொன்னது. லான்யிங் போய்ப் பார்த்தாள். தாங்தான். அன்றைக்குக் கிண்ணம் பிடித்த அதே இடத்தில், ஓர் அடிகூட முன்னே வைக்காமல் நின்றிருந்தார். ஒரு கையில் கார்டு. மறு கையில் புதிதாய் அச்சடித்த பயணத்தாள், அதில் எட்டாம் நாளுக்கு நேரே, 'நடவு முதல் அறுவடை வரை முரசைத் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"உள்ள வரலாமா, லான்யிங் அக்கா?"

லான்யிங் தாளை மேலிருந்து கீழ்வரை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். அப்புறம்தான் கார்டை வாங்கினாள்.

"ஃபிளாஸ்க் எங்கே?"

"பஸ்ஸிலேயே விட்டுட்டேன்."

"அப்ப வாங்க" என்றாள்.