தோள் தையலில் வந்த காற்று

மழை பெய்தால் அப்பா வீட்டில் இருப்பார். ஒன்பது வயதில் மாரிக்காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குருநகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கரையில் கட்டியிருக்கும் வள்ளங்களின் நிறம் தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் கடனீரேரிக்குள் இறால் பிடித்தார்கள். நான் எழும்ப முன்னரே அப்பா போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நிற்கும் அவரை, மற்ற ஆறு நாளும் வாசலில் கிடக்கும் செருப்பை வைத்துத்தான் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று அறிந்துகொள்வேன்.

மாரி வந்ததும் இந்த ஒழுங்கு குலையும். அப்பாவுக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு நோய், இருந்தது. திறந்த வள்ளத்தில் மழையில் நனைந்தால் அன்று பின்னேரமே நெஞ்சு இறுகி மூச்சு கீச்சிடத் தொடங்கும். மழைக்கு அவரிடம் இருந்தது ஒரு உரப்பை மட்டுமே. அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கங்களில் கைகளுக்கு இரண்டு. அது முதுகை மறைக்கும். கைகளையும் கழுத்தையும் மறைக்காது. ஒருமுறை நனைந்தால் இரண்டு மூன்று நாள் சாய்மனைக் கதிரையில்தான். கழுத்தில் துவாய், கையில் கொத்தமல்லித் தண்ணீர். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் என்னுடைய சின்னக் கதிரை.

அந்த நாட்களில் அவரால் நீளமாகக் கதைக்க முடியாது. அதனால் கையால் கதைத்தார். இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது என்று வள்ளத்தில் அவரும் சித்தப்பாவும் பாவிக்கும் சைகைகள் அவை. முஷ்டியை உயர்த்தினால் இயந்திரத்தை நிறுத்து. இரண்டு விரல் ஆடினால் வலது பக்கம் திருப்பு. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல இரண்டு தரம் தாழ்த்தினால், வலையை இழுக்காதே, அப்படியே விடு. அந்தச் சைகைகளாலேயே அம்மாவிடம் சீனி கேட்போம், பூனையை வலது பக்கம் திருப்புவோம், அடுத்த வீட்டு வானொலியை நிறுத்துவோம். கீச்சிடும் அந்த மூச்சு எனக்கு வருத்தத்தின் சத்தமாகத் தோன்றியதில்லை. அப்பா வீட்டில் இருக்கிறார் என்பதன் சத்தம் அது.

அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னர் சித்தப்பா வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: “அண்ணை, இந்த மாரியும் உரப்பையோடை வந்தியள் எண்டா, இறாலே எங்களைப் பாத்துச் சிரிக்கும்.”

சிரிப்பாகத் தொடங்கிய பேச்சு சிரிப்பாக முடியவில்லை. மழை இறங்கினால்தான் இறால் நன்றாக ஓடும். அந்த நாளில் அப்பா கதிரையில் கிடந்தால் சித்தப்பாவால் தனியே வள்ளம் இறக்க முடியாது. போன மாரி முழுவதும் அப்படித்தான் போனது. இந்த மாரியும் அப்படியென்றால் வேறு ஆளோடு போகவேண்டி வரும் என்று அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா உடனே ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவுக்கு நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கவேண்டும்.

அப்பாவைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

“நீங்கள் போனா விலை குறைஞ்சதைத் தூக்கிக்கொண்டு வந்திடுவியள். பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போங்கோ. அவள் பாப்பாள்.”

இப்படித்தான் நான் காவலாளியாக நியமிக்கப்பட்டேன்.

பட்டணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடை அது. குடை, பயணப்பை, மோட்டார் சைக்கிள்காரருக்கான தொப்பி, மழைக்கோட்டு எல்லாம் ஒரே கம்பியில் தொங்கின. கடைக்காரர் இளைஞர். மோட்டார் சைக்கிள்காரருக்கு விற்றுப் பழகியவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு ஒன்றைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அப்பா வேண்டாம் என்றார். வள்ளத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தால் நீளக் கோட்டு காலைச் சுற்றிக்கொள்ளும். அடுத்தது சிப் வைத்தது. உப்புத் தண்ணீரில் ஒரு மாதத்தில் துரு பிடித்து, பூட்டினால் திறக்காது, திறந்தால் பூட்டாது. அதற்கடுத்ததில் பெரிய கறுப்புப் பொத்தான்கள். வலைக் கண்ணில் பொத்தான் மாட்டினால் வலையோடு ஆளும் போகவேண்டியதுதான். சாம்பல் நிறத்தில் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. அப்பா அதை வாசலுக்குக் கொண்டுபோய் வானத்தோடு பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விழுந்தவனைத் தேடுகிறவர்களுக்கு அந்த நிறம் தெரியாது.

பிறகு ஒன்றைப் போட்டுக்கொண்டு கடையின் நடுவில் சம்மணம் கட்டி இருந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத வலையை இழுத்தார். காசு வாங்கும் மேசையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணை, ஏன் கீழை இருக்கிறியள்? கண்ணாடி அங்கை கிடக்கு.”

“தம்பி, நான் இருந்து வேலை செய்யிறவன். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு வேலை செய்யிறேல்லை.”

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மஞ்சள். தடித்தது. தையலே இல்லை, ஓரங்களை உருக்கி ஒட்டியிருந்தார்கள். மற்றது தூரத்திலும் பளிச்சென்று தெரியும் நீலம். மெல்லியது, மினுங்கியது. ஊசியால் தைத்து, உட்புறம் ஒரு நாடா ஒட்டியிருந்தார்கள். நீலத்தின் விலை மஞ்சளின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றன. இரண்டிலும் அழுத்திப் பூட்டும் சின்னப் பொத்தான்கள், மேலே மூடும் பட்டியோடு.

சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பதுபோல் அப்பா அவற்றைச் சோதித்தார். கோட்டின் கையைத் தோளுக்கு அப்பால் முறுக்கிப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கத்து வாயால் ஊதினார். கை பொம்மென்று உப்பியது. கோட்டுக் கையின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டு தோள் பக்கத்தை என் கன்னத்தில் வைத்தார்.

“என்ரை கன்னம் உப்புத்தண்ணியிலை காய்ஞ்ச தோல். அதுக்கு ஒண்டும் விளங்காது. நீ பாத்துச் சொல்லு, காத்து வருதோ?”

மஞ்சளில் வரவில்லை. இல்லை என்றேன்.

நீலத்தில் வந்தது. ஒரு நூல் அளவு, குளிராக, கண்ணுக்குக் கீழே. அப்பாவின் மூச்சு அது. அதில் காலையில் குடித்த தேநீர் மணந்தது.

நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஒன்பது வயதில் அது யோசனை அல்ல, கணக்கு. காற்று வந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் அப்பா நனைவார். நனைந்தால் வீட்டில் இருப்பார்.

“இல்லை,” என்றேன்.

“வடிவாப் பார்.”

“இல்லையப்பா. நீலம்தான் நல்லம்.”

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கையில் இருந்த நீலக் கை மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. பிறகு கடைக்காரரிடம் நீலத்தைக் கட்டச் சொன்னார். மிஞ்சிய காசில் என் அளவுக்கு மஞ்சளில் ஒரு சின்னக் கோட்டு எடுத்தார். அதையும் ஊதிப் பார்த்தார். வரும் வழி முழுவதும் சைக்கிள் பாரில் அதைப் போட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் எறித்தது.

வீட்டில் அம்மா நீலக் கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைக் காட்டி, பிள்ளை பார்த்து எடுத்தது என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் என் கோட்டின் பட்டியைப் பூட்டித் திறந்தேன். பிறகு குசினிக்குள் அடுப்பருகே அப்பா தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது:

“விடப்பா. பிள்ளை விலையைப் பாத்திட்டாள்.”

நான் விலையைப் பார்க்கவேயில்லை. ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கவும் இல்லை.

தொழிலுக்கு வாங்கும் எந்தப் புதுச் சாமானும் கடல் தண்ணீர் படுமுன் தீர்த்தம் படவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வலை, கயிறு, ஒருமுறை இயந்திரத்தின் விசிறிகூட. கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் மாதா படத்தடியில் ஒரு போத்தலில் இருக்கும். அம்மா நீலக் கோட்டைக் கொடியில் கொளுவி, விரலை நனைத்துத் தெளித்தார். துளிகள் எல்லாம் உருண்டு நிலத்தில் விழுந்தன. மறுபடி தெளித்தார். மறுபடியும் உருண்டன. தண்ணீரை உள்ளே விடாத ஒன்றை எப்படி மந்திரிப்பது என்ற சிக்கல் அதற்கு முன்னர் எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. அம்மாவின் முகம் மாறியது. தீர்த்தத்தை ஏற்காத உடுப்போடு மனுசனைக் கடலுக்கு அனுப்புவதா?

இந்த முறை போத்தலைச் சரித்து உள்ளங்கையில் நிறைய ஊற்றி, தோளில் வைத்து அழுத்தினார். கோட்டைப் புரட்டிப் பார்த்தார். உட்புறம், நாடாவின் ஓரமாக, மூன்று துளிகள் வரிசையாக நின்றன.

“உள்ளை போயிட்டுது,” என்று அம்மா நிம்மதியோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல இரண்டு தரம் தாழ்த்தினார். மழை நாள் விளையாட்டை மழைக்கு முன்னரே தொடங்குகிறார் என்று நினைத்து நானும் கையைத் தாழ்த்திக் காட்டினேன்.

மழை அடுத்த கிழமை இறங்கியது. நான் மஞ்சள் கோட்டோடு பள்ளிக்கூடம் போய், ஒரு துளி நனையாமல் திரும்பி வந்தேன். அப்பாவின் நீலக் கோட்டு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய சட்டை, தோளிலிருந்து இடுப்புவரை ஈரம். பின்னேரம் மூச்சு கீச்சிடத் தொடங்கியதும் என் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டேன். எல்லாம் என் கணக்குப்படி நடந்தது.

அந்தக் கணக்கில் வராதது ஒன்று இருந்தது. இந்த முறை அவர் கையை உயர்த்தவில்லை. முஷ்டியை உயர்த்திக் காட்டினேன், பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் கதிரையின் சட்டத்தைப் பிடித்திருந்தார். மூச்சை வெளியே விடுவதற்கு அந்தக் கைகள் வேண்டியிருந்தன. இருட்டுவதற்குள் அம்மா அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. நான் என்னுடையதில் இருந்தேன்.

அப்பா திரும்பி வந்த அன்று சித்தப்பா பார்க்க வந்தார். கோட்டை உள்வெளியாகப் புரட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஊசி போன ஓட்டை எல்லாம் எண்ணலாம் போலை கிடக்கு. ஆர் உதைப் பாத்து எடுத்தது?”

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“நான்தான்,” என்றார் அப்பா.

மூச்சு சீரானதும் அவர் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் ஒவ்வொரு தையலின் மேலும் ஒட்டினார். கோட்டு பார்க்கச் சகிக்காது. சைக்கிள் கடைபோல மணக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு துளி உள்ளே போகவில்லை. மூன்று மாரி அதோடு கடலுக்குப் போனார். மழை நாட்களில் செருப்பு வாசலில் இல்லை. என்னுடைய சின்னக் கதிரையில் பூனை படுத்தது.

இப்போது அப்பா கடலுக்குப் போவதில்லை. எல்லா மழைக்கும் வீட்டில்தான். வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவள் நான். இங்கே மழை பெய்தால் அங்கேயும் பெய்கிறதா என்று கேட்க வீடியோ அழைப்பு எடுப்பேன். அம்மா கைபேசியை அவர் முன்னால் பிடிப்பார். இரண்டு சொல் கதைத்துவிட்டு மூச்சு போதாமல் முஷ்டியை உயர்த்துவார், இயந்திரத்தை நிறுத்தும்படி. நானும் உயர்த்துவேன். அந்தக் கோட்டைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அவரை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடம் நம்பியிருந்தவளுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடையில் நடந்த ஒன்றை மேலே முழுதாகச் சொல்லவில்லை. எனக்கான மஞ்சள் கோட்டை ஊதிப் பார்த்தபோது அப்பா என்னைக் கூப்பிடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டுகூட நின்றேன். அவர் சின்னக் கையை உப்பவைத்து, கண்ணை மூடி, ஒன்றும் விளங்காது என்று சொன்ன தன் கன்னத்திலேயே வைத்தார். இடது தோள், வலது தோள், கழுத்து. மூன்று தரம். பிறகு கண்ணைத் திறந்து, இது நல்லது என்று கடைக்காரரிடம் சொன்னார்.

என்னுடைய முறை வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.