இரண்டாவது ஜாமீன்

தண்ணீர் வராது என்று மூன்று பேர் சொல்லிவிட்டுப் போன பாறையில் கிணறு வெட்டினேன், வந்தது. கூரை வீட்டை ஓட்டு வீடாக்கி, ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினேன். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், அதற்காக ஒரு குழி நிலம்கூட விற்கவில்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, பாடாலூரைச் சுற்றிச் சின்ன வெங்காயம் போடுகிற இருபத்தொரு பேரைச் சேர்த்து ஒரு கடன் சங்கம் ஆரம்பித்து, பெரம்பலூர் ஆபீசுக்கு நடையாய் நடந்து பதிவு வாங்கினவன் நான். மற்றதெல்லாம் என் குடும்பத்துக்குச் செய்தது. சங்கம் ஊருக்குச் செய்தது. அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

சங்கத்தில் மந்திரம் எதுவும் கிடையாது. மாதாமாதம் அவரவரால் முடிந்ததைச் சேமிப்பாகப் போடுவோம். தேவைப்படுகிறவர் அதிலிருந்து கடன் எடுப்பார். கட்டுகிற வட்டி வெளியாள் பைக்குப் போகாமல், வருஷக் கடைசியில் நமக்கே பங்காகத் திரும்பி வரும். பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு ஓட்டு, பத்து சென்ட்காரருக்கும் ஒரு ஓட்டு. முன்பெல்லாம் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்குவோம். வாங்கினால் வெங்காயத்தை அங்கேதான் போட வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. இத்தனைக்கும் வெங்காயத்தைக் காக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். கல்லடுக்கி, மேலே கம்பு பரப்பி, நாலு பக்கமும் காற்று நுழைகிற மாதிரித் தட்டி கட்டிப் பட்டறை போட்டால், ஆடியில் பறித்தது ஐப்பசி வரைக்கும் நிற்கும். ஐப்பசியில் அதையே விதைக்கென்று ஆள் தேடி வந்து வாங்குவார்கள். ஆனால் நடுவில் வீட்டுக்கு ஒரு செலவு வந்துவிட்டால் போதும், வியாபாரியைக் கூப்பிட்டுக் கிடைத்த விலைக்குப் பட்டறையைப் பிரித்துவிடுவோம்.

பட்டா இருக்கிறவர்கள் மட்டும் சேரட்டும் என்று ஆரம்பத்தில் சிலர் சொன்னார்கள். குத்தகைக்கு உழுகிறவன் போடுவது மட்டும் வெங்காயம் இல்லையா என்று நான்தான் சண்டை பிடித்தேன். அப்படிச் சேர்ந்த முதல் ஆள் ஒரு பெண். புருஷன் இல்லை. எங்கள் வயல்களில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே வெங்காயம் போட ஆரம்பித்தாள். மூன்று வருஷம் ஒரு மாதம் தவறாமல் சேமிப்புப் போட்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் அவள் மகளுக்கு அரியலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வியாபாரிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, அவள் பட்டறைப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஆவணியில் வரத்து அதிகம், விலை மட்டம். விற்றால் மகள் படிப்பாள், ஆனால் ஐப்பசியில் நட விதை இருக்காது. நடாத நிலத்துக்கு எப்படிக் குத்தகை கொடுப்பாள்?

சங்கத்தில் அவள் சேமிப்புக்குக் கடன் உண்டு. இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வயல்காரர் ஒன்று போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தாள்.

"ஐயா, ரெண்டாவது ஜாமீனுக்கு ஒரு ஆளு வேணுமுங்க."

"ஆளு எதுக்கும்மா தேடுற? நான் இருக்கேன்ல. அந்த வியாபாரிய வூட்டுக்குப் போவச் சொல்லு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமுங்க."

"வியாழக்கிழமையே கட்டிருவ, போ."

அவளும் நம்பி வியாபாரியை அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை சங்கத்துக்குப் போனேன். எங்கள் செயலாளர் பக்கத்துத் தெரு மருமகள், பி.காம். படித்தவர். பேனாவை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை.

"நீங்க போட முடியாதுங்க மாமா."

"ஏன், என் கையெழுத்து செல்லாதா?"

"செல்லுமுங்க. ஏற்கெனவே ரெண்டு பேருக்குப் போட்டிருக்கீங்க. ஒருத்தரு ரெண்டுக்கு மேல ஜாமீன் நிக்கக் கூடாது."

"எந்த மடையன் வச்ச சட்டம் இது?"

அவர் தீர்மான நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். "முன்மொழிஞ்சது நீங்கதான் மாமா."

நல்ல சட்டம்தான். நான் வைத்ததில் எது கெட்டது? ஆனால் அதை வைத்தவனே மறந்திருந்தேன். ஒரு கையெழுத்து என் சின்ன மருமகன் புல்லட் வாங்கப் போனது. இன்னொன்று, "தலைவரே, உங்க கை பட்டா ராசி" என்று சொன்ன ஒருவருக்கு. எங்கள் பக்கத்தில் ஜாமீன் போடுவதை மொய் வைப்பது போல நினைக்கிறோம். வந்து கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் மரியாதை இல்லை. யாருக்கு எதற்கு என்று பார்ப்பதில்லை. அதுவும் ஆவணி, கல்யாண மாதம். செயலாளர் பட்டியலைப் படிக்கப் படிக்க நான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். எல்லோர் கையும் தீர்ந்துபோயிருந்தது.

ஒரே ஒரு ஆள் மிச்சம். என் பங்காளி, பெரியப்பா மகன். யாருக்கும் ஜாமீன் போடாதவர். போட மாட்டார் என்றில்லை, போடுவதற்கு முன்னால் அவர் பேசுகிற பேச்சைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. பொதுக்கிணற்று முறைத்தண்ணீர்த் தகராறில் அவரும் நானும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. எதிரே வந்தால் இரண்டு பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போவோம்.

வியாழக்கிழமை காலையில், கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டு அவள் வாசலில் வந்து நின்றாள். "வியாபாரி மத்தியானம் வரேன்னாருங்க. பிரிச்சுரட்டுங்களாய்யா?"

"மத்தியானம் வரைக்கும் தட்டியில கை வைக்காத," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பங்காளி மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் போய் நின்றேன். மண்வெட்டியை நிறுத்தாமலே பேசினார்.

"என்ன தம்பி, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்லண்ணே. உன்னைப் பாக்கத்தான்."

"சங்கத்தையே பெத்தவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற. பெத்தவனுக்கு என் வரப்புல என்ன வேலை?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.

"பொண்ணு அவளுது, வெங்காயம் அவளுது. அவ வந்து கேட்டா நான் போட மாட்டனா? நீ எதுக்கு நடுவுல?"

"நான் போடறன்னு வாக்கு குடுத்துட்டண்ணே."

"குடுத்தியில்ல, போடு."

"சட்டம் இடம் குடுக்கல."

"யாரு வச்ச சட்டம்?"

அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

"நான் வச்சதுதான். என்னால முடியலண்ணே. நீ போடு."

மண்வெட்டி நின்றது. அறுபத்தெட்டு வயதில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கிணற்றில் பாறை உடையாதபோதும் சொல்லவில்லை, பெரம்பலூர் ஆபீசில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தபோதும் சொல்லவில்லை. அவர் அதை வரப்பில் சாய்த்தார். பிறகு வாய்க்காலில் காலைக் கழுவினார்.

"ஆபீசு எத்தனை மணி வரைக்கும்?"

"ஒரு மணி."

"வண்டிய எடு. மெதுவா ஓட்டு, உன் ஓட்டம் எனக்குத் தெரியும்."

ஈரக்காலோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் நான் ஓட்டுவதைக் குறை சொன்னார். கையெழுத்துப் போட்டார். மத்தியானம் வியாபாரி வந்தபோது பட்டறை கட்டினபடி நின்றது. வெள்ளிக்கிழமை தாயும் மகளும் முதல் பஸ்ஸில் அரியலூர் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார்கள். ஐப்பசியில் பாதியை விதைக்கு விற்றாள், பாதியை நட்டாள். கடனையும் தவணை தவறாமல் அடைத்துவிட்டாள். சங்கத்தில் சேர்ந்தால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அவசரத்தில் இருக்கிறாள் என்று தெரிந்து விலை பேச வந்தவரை அவள் வெறுங்கையோடு அனுப்பினாளே, அதுதான் லாபம்.

இப்போது ஒரு விஷயம். இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசித்தார். அந்தப் பெண்ணின் கடனைப் பெரிதாகச் சொல்லி, ஜாமீன் நின்ற பங்காளியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். போர்த்தட்டும், நல்ல மனுஷன். ஆனால் அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் தானாக நடந்து வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி எழுதியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கேட்டேன்.

"உங்க கையெழுத்து இல்லீங்களே மாமா, எப்படி எழுதறது?" என்றார்.

எழுதத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் வரப்புக்குப் போனவன் நான். "என்னால முடியல" என்று சொல்லிக் கூட்டி வந்தவன் நான். பெட்ரோல்கூட என்னுடையது, அதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். மற்றதைத் தீர்மான நோட்டில் என் பெயர் போட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.