எறும்பு என்று பேர் வாங்கியவர்

மதுராந்தகத்தில் ஒரு நெல் மண்டியில் என் அப்பா மூட்டை தூக்கினார். அங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எறும்பு" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை வைத்தவர் மண்டி முதலாளி.

மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை அன்று தராசுக்கும் கொக்கிக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, தொடாமல் விட்டுவிடுவார்கள். இரும்புக்கு ஓய்வு. ஆளுக்கு ஏது ஓய்வு? ஆட்களின் பிடரியிலும் கொஞ்சம் சந்தனத்தைப் பூசி, யார் அதிக மூட்டையோடு மண்டியைச் சுற்றி வருகிறார் என்று போட்டி வைப்பார்கள். ஜெயித்தவருக்கு முதலாளி கையால் ஒரு துண்டு. அப்பா வருஷா வருஷம் இரண்டு மூட்டையோடு சுற்றி வந்தார். "பாருங்கய்யா, எறும்பு தன் வெயிட்டப் போல பத்து மடங்கு தூக்குது. மனுஷன் மனசு வெச்சா முடியாதா?" என்று முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பார். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அந்தப் பேரில் எனக்கும் பெருமைதான். வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து எறும்புகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். செத்த கரப்பானை நாலைந்து சேர்ந்து செங்குத்தான சுவரில் இழுத்துக்கொண்டு ஏறும். தன்னைவிடப் பெரிய சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு ஒன்று தனியாக ஓடும். உயரத்திலிருந்து தட்டிவிட்டாலும் விழுந்த இடத்திலிருந்து ஒன்றுமே ஆகாதது போல நடக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பூஜைக்கு முதலாளியின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று அப்பாவின் முதுகில் மூன்றாவது மூட்டையை ஏற்றினார்கள். நாலு அடி வைத்திருப்பார், அவ்வளவுதான். கழுத்தில் ஏதோ முறிந்த சத்தம், தள்ளி நின்று வேடிக்கை பார்த்த எனக்கே கேட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். தலை மட்டும் பிறகு நிமிரவே இல்லை. முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "கண்ணு பட்டுடுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நான் செங்கல்பட்டுக்கு ரயிலில் போய்க் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். எறும்பின் பலமே அதன் சின்ன உருவம்தான் என்று அங்கேதான் தெரிந்தது. உருவம் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பத்து மடங்கு வளர்ந்தால் தசையின் பலம் நூறு மடங்குதான் கூடும். எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிடும். மனுஷன் அளவுக்கு வளர்ந்த எறும்பு மூட்டையைத் தூக்காது. தன் உடம்பையே தூக்க முடியாமல் சரிந்துவிடும். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். முதலாளி சொன்னது அத்தனையும் பொய், இதில் மனசு வைக்க ஒன்றுமே இல்லை என்றேன். அந்த ஆளை ஒரு வார்த்தையாவது திட்டமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாவோ, படிச்ச பொண்ணு நீ சொல்ற" என்றார். "நாளைக்கு பூஜ கீது. என்ன மண்டிக்கு இட்டுகினு போ."

கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் இடத்துக்குப் புதிதாக வந்தவன் இரண்டு மூட்டையோடு நின்றான். முகம் கறுத்து, வாய் திறந்து, கண் பிதுங்கியிருந்தது. பொரிப் பொட்டலத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவால் தலையைத் தூக்க முடியவில்லை. அவனுடைய கால்களை மட்டும் பார்த்துக் கத்தினார்.

"காலு ஸ்டெடியாத்தான் கீது. இன்னொண்ணு வெய்யி!"